மழைக்கு யார் பேர் போடுவது?

மலேசியாவின் திகாம் பத்து சாலையோர ஒட்டுக்கடையில் ஒரு மேசை. ஒரு பக்கம், ரப்பர் தோட்டத்தில் செக்ரோல் எழுதி, நாள்கூலிக்குப் 'பேர்' போட்டே ஓய்வு பெற்ற கிராணி. எதிரில், தனியாளாக மக்கள் தொடர்பு ஆலோசனை வழங்கும் பெண். நடுவில், கல்யாண மண்டப முதலாளி ஒருவருக்கு அவள் எழுதிய பில். மேசை கற்பனைதான். கணக்கு கற்பனை இல்லை.

கிராணி: நாலு நாள் வேலைக்கு 1,800 வெள்ளியா பாப்பா? மாசம் 4,000 வாங்குறவனுக்கு, 26ஆல வகுத்தா, ஒரு நாளுக்கு 154தான். வேலைச் சட்டமே அப்படித்தான் வகுக்குது. நீ மரமும் வெட்டல, காண்டாவும் தூக்கல. திறப்பு விழாவுக்கு நாலு வரி எழுதிட்டு நாளுக்கு 450 கேக்குற!

அவள்: அந்த 154ல பாதிக் கணக்கு மறைஞ்சு கிடக்கு தாத்தா. அந்த ஆளுக்காக முதலாளி சேமநிதிக்கு 13 விழுக்காடு தனியா கட்டுறாரு. மாசம் 520. வருசத்துக்கு மொத்தம் 54,240 ஆச்சா? 365 நாள்ல சனி ஞாயிறு 104, பொது விடுமுறை 11, சட்டம் கொடுக்குற குறைஞ்சபட்ச லீவு 8, இதெல்லாம் கழிச்சா மிச்சம் 242. லீவு போட்டாலும் அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு, எனக்குக் கிடையாது. அந்த 242லயும் பாதி நாள் ஆள் தேடவும், கொடுத்த பில்லுக்குப் பின்னால அலையவும் போகுதுன்னு வைங்க. 54,240ஐ 121ஆல வகுத்தா 448. மிச்ச ரெண்டு வெள்ளி தே தாரிக்குக்கு. பாதிங்கிறது என் ஊகம்தான். கால்வாசின்னு போட்டாலும் 300 கிட்ட வந்து நிக்கும், 154க்கு இறங்காது.

கிராணி: சரி, கூட்டல் கழித்தல் தெரிஞ்ச புள்ளதான். ஆனா மண்டபக்காரர் கேக்குறதுலயும் நியாயம் இருக்கே. பேப்பர்ல செய்தி வந்தா காசு, வராட்டி இல்ல. நாங்களும் அப்படித்தான். பால் ஸ்டோருக்கு வந்தாத்தான் எடை.

அவள்: விடியக்காலையில பெரட்டுக்கு வந்து நின்னு, மழையில மரம் நனைஞ்சு, வெறும் வாளியோட லயனுக்குத் திரும்புனவங்களுக்கு எத்தனை பேர் போட்டீங்க தாத்தா? (கிராணி கண்ணாடியைத் துடைக்கிறார்.) கூலின்னா வெறும் தொகை இல்ல. மழையை யார் தலையில கட்டுறதுங்கிறதுதான் கூலி. 1930ல ரப்பர் விலை சரிஞ்சப்போ ஆம்பள ஆளோட நாள்கூலி 50 காசுல இருந்து 40 ஆச்சு. விலை சரிஞ்சது உலகச் சந்தையில, காசு குறைஞ்சது நம்ம பாட்டன் மடியில. என் மழை பத்திரிகை அலுவலகத்துல பெய்யுது. அன்னைக்குன்னு வெள்ளம் வந்தா, மந்திரி ராஜினாமா செஞ்சா, மண்டபச் செய்தி குப்பைக்குத்தான் போகும். கண்டிப்பா வரணும்னா அதுக்குப் பேரு விளம்பரம். அதுக்குத் தனிக் கவுன்டர் இருக்கு. வந்தாத்தான் காசுன்னு என்னைக் கட்டிப்போட்டா, ஆசிரியருக்குக் கவர் கொடுக்கவும் இல்லாததை எழுதவும் நீங்களே என்னைத் தள்ளுறீங்க.

கிராணி: அப்போ மணிக்கணக்கா போடேன்.

அவள்: மெதுவா எழுதுறவளுக்குக் கூடக் காசு. உங்க தோட்டத்துலகூட அந்த அநியாயம் இருந்திருக்காது.

கிராணி: ஆனா எடைன்னு ஒண்ணு வேணும்ல? உன் ஆளுங்கதான் செய்தி வந்த இடத்தை அளந்து, விளம்பரக் கட்டணத்தால பெருக்கி, அதையும் மூணால பெருக்கி, லட்சம் வெள்ளி சம்பாதிச்சுக் கொடுத்துட்டோம்னு அறிக்கை நீட்டுறாங்களே!

அவள்: அது பால்ல கலந்த தண்ணி. அதைக் கண்டுபிடிக்க உங்ககிட்ட மெட்ரோலக் இருந்துச்சு. எங்க தொழில்ல 2010ல பார்சிலோனாவுல கூடி, விளம்பரக் கட்டணம் மக்கள் தொடர்போட மதிப்பு ஆகாதுன்னு எழுதியே வச்சாங்க. கலக்குறவங்க இன்னும் கலக்குறாங்க.

கிராணி: அப்போ மாசத்துக்கு இவ்வளவுன்னு பேசிக்கோ.

அவள்: அதான் நல்ல வழி. ஆனா எங்க தொழில்ல பேர் போன மாசச் சம்பளத்தோட கதை கொஞ்சம் கசப்பு. அமெரிக்காவுல கொலராடோ சுரங்கம், ராக்ஃபெல்லர் பங்கு வச்சிருந்த கம்பெனி. வெட்டுன நிலக்கரியோட எடைக்குத்தான் கூலி. முட்டுக்கட்டை நட்டதுக்கும் தண்டவாளம் போட்டதுக்கும் சல்லிக்காசு கிடையாது. அதுக்கும் கூலி கொடு, எடை பார்க்குற ஆளை நாங்களே தேர்ந்தெடுக்கணும்னு 1913ல வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அடுத்த ஏப்ரல்ல அவங்க தங்கியிருந்த லட்லோ கூடாரங்கள் எரிஞ்சு பெண்டு பிள்ளைங்க செத்தாங்க. கெட்டுப்போன பேரைத் துடைக்க ராக்ஃபெல்லர் ஐவி லீங்கிறவரை வச்சுக்கிட்டாரு. மாசம் 1,000 டாலர்.

கிராணி: அவருக்கு மட்டும் எடை போடலையா?

அவள்: போடல. கரி வெட்டுனவனோட மழை அவன் தலையிலயே விடிஞ்சுச்சு. பேர் துடைச்சவரோட மழையை முதலாளி ஏத்துக்கிட்டாரு. ஏத்துக்க முடியாதுன்னு இல்ல தாத்தா. யாருக்காக ஏத்துக்குறதுங்கிறதுதான் அவங்க கணக்கு.

கிராணி: (பில்லைத் தன் பக்கம் இழுத்து) இந்த மண்டபக்காரர், கல்யாணம் நின்னுபோச்சுன்னா முன்பணத்தைத் திருப்பித் தர்றாரா?

அவள்: ஒரு காசு தரமாட்டாரு. ரசீதுலயே அச்சடிச்சிருக்கு.

கிராணி: பேனாவைக் குடு. "பாதிப் பணம் முன்கூட்டி. செய்தி வராவிட்டாலும் திருப்பித் தரப்படாது." ம். கடைக்காரரே, இந்த தே தாரிக் என் கணக்கு இல்ல. பாப்பா பில்லுல அதுக்கு ஏற்கெனவே ரெண்டு வெள்ளி போட்டிருக்கு.