விதி 170-ஐ எங்களிடம் கொடுத்துவிடுங்கள்

அனுப்புநர்: உடம்பும் கைபேசியும் உள்ள ஊர்மக்கள், புதுமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: செயலாளர் அவர்கள், ஆயுஷ் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: தாங்கள் கைவிட்ட விதியை எங்கள் ஊர் தத்தெடுத்தல் – ஒப்புதல் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குடும்பக் குழுவுக்கு வந்த காணொலி. எண்: இல்லை. நாள்: இல்லை. சொன்னவர்: தெரியவில்லை.

மதிப்பிற்குரிய அய்யா,

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதானால் மாநில உரிம அதிகாரியிடம் ஒப்புதல் எண் வாங்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் விதி 170-ஐக் கொண்டுவந்தீர்கள். 2023 ஆகஸ்டில், அதன்கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். உச்ச நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்டது. 2024 ஜூலையில் விதியையே நீக்கிவிட்டீர்கள். பிள்ளைக்கு ஏன் சோறு போடவில்லை என்றால், பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடும் சாமர்த்தியம்! மறுமாதமே நீதிமன்றம் நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தது, தடையும் போயிற்று. ஆக, அநாதையாக நிற்கும் அந்த விதியை நாங்கள் வளர்க்கலாமா?

மூலத்துக்குக் கடலாமை ரத்தம் நல்லது என்று இந்தக் கரையில் ஒரு காலத்தில் நம்பினார்கள். பொய்தான். ஆனால் சொன்ன ஆளுக்குப் பேர் இருந்தது. குணமாகாவிட்டால் அஸர் தொழுகை முடிந்து வரும்போது பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இப்போது காணொலியில் வருகிறவருக்கு வெள்ளைக் கோட்டு உண்டு, ஸ்டெத்தஸ்கோப் உண்டு, ஊர் பேர் மட்டும் கிடையாது. சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்கிறார். துபாயிலிருந்து மூத்த காக்கா, அதாவது பெரிய அண்ணன், அனுப்பியது என்பதால் உம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. காக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்பது காக்காவுக்கே தெரியாது.

சித்தாவோடும் யுனானியோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. நல்ல மருந்துக்கு ஓர் எண் வாங்குவதில் என்ன கஷ்டம் என்பதுதான் புரியவில்லை. எனவே புதுமடம் எல்லைக்குள் கீழ்க்கண்டவாறு அமல்படுத்த உத்தேசித்துள்ளோம்:

1. சொன்னவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மருந்துச் சீட்டில் டாக்டர் பதிவு எண் போட வேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்லிவிட்டது. ‘அமெரிக்க விஞ்ஞானிகள்’ என்பது பெயராகாது.

2. நாள் வேண்டும். ‘நேற்றுக் கண்டுபிடித்த மருந்து’ என்றால் அது எந்த ஆண்டின் நேற்று?

3. காணொலி விலையிலும் தொலைபேசி எண்ணிலும் போய் முடிந்தால், அது கடை. கடைக்காரரிடம் சரக்கு நல்லதா என்று கேட்பதில்லை.

4. ஒரே லேகியம் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் உயரம் கூடுவதற்கும் என்றால் உடனே தள்ளுபடி. 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் இம்மூன்றும் உண்டு. மொத்தம் 54. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அந்தச் சட்டத்தையும் நீக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்; தத்தெடுக்க இன்னொரு மனு எழுத வேண்டும்.

5. சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் விசாரணையே கிடையாது. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

உரிம அதிகாரியாக உம்மா செயல்படுவார். கடையில் பத்து ரூபாய் நோட்டையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர், தகுதிக்குக் குறைவில்லை. சம்பளம் வேண்டாம். அமைச்சகம் வாங்குகிற சம்பளத்தில் இந்த வேலையும் அடக்கம் என்று அவர் அப்பாவியாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பெயரும் முகவரியும் தர மறுக்காத
புதுமடம் ஊர்மக்கள்

நகல்: மூத்த காக்கா, துபாய் – தகவலுக்காக. ஃபார்வர்டு செய்வதற்கு அல்ல.