ஓவர்மாரோ: வழக்கொழிந்த ஒரு தவணைச் சொல்

ஓவர்மாரோ என்பது நாளை மறுநாளைக் குறித்து, பின்னர் வழக்கொழிந்துபோன ஆங்கிலச் சொல். மாரோ என்றால் விடியல், அதன் வழியாக மறுநாள். அதையும் தாண்டி நிற்பது ஓவர்மாரோ. பேச்சுத் தமிழின் ‘நாளான்னிக்கு’ இதற்கு அச்சாகப் பொருந்தும்.

சொல்லின் பெயர்பெற்ற ஆட்சி, 1535-இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட விவிலியத்தில் இருக்கிறது. விவிலியம் முழுமையாக ஆங்கிலத்தில் அச்சேறியது அதுவே முதல்முறை. இடம், தோபித்து நூலின் எட்டாம் அதிகாரம். இன்னும் நுட்பமாகச் சொன்னால் மணவறை. மணமகள் சாராவுக்கு முன்பு வாய்த்த கணவர் ஏழு பேரும் முதலிரவிலேயே பேயின் கையால் மாண்டவர்கள். எட்டாவதாக வந்த தோபியா, மீனின் ஈரலைச் சுட்டுப் பேயை விரட்டிய கையோடு மனைவியை எழுப்பி, இன்றும் நாளையும் ஓவர்மாரோவும் இறைவனை வேண்டுவோம், இல்லறம் அதற்குப் பிறகு என்கிறான். முன்னவர்களின் கதியை நோக்க, அவனுடைய நிதானத்தில் குறை காண ஆய்வாளருக்கு இடமில்லை.

கவர்டேல் எபிரேய மூலத்தையோ கிரேக்க மூலத்தையோ தொட்டவர் அல்லர். ஜெர்மனிலிருந்தும் லத்தீனிலிருந்தும் பெயர்த்ததாக முகப்பிலேயே அச்சிட்டவர். லத்தீன் பாடம் இவ்விடத்தில் ‘இரண்டாவது நாளை’ என்று தடுமாறுகிறது. ஜெர்மனிலோ ஊபர்மார்கன் என்ற சொல் தயாராக இருந்தது. ஓவர்மாரோ அதன் உடன்பிறப்பு என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றியது. அந்தப் பாடத்தில் மூன்று இரவுக் காத்திருப்பே கிடையாது. வேண்டுதல் முடிந்ததும் இருவரும் அன்றிரவே உறங்கிவிடுகிறார்கள். தவணை இல்லாத இடத்தில் தவணைச் சொல்லுக்கு என்ன வேலை? சொல் மாண்டது இதனால்தான் என்று சாதிப்பது மிகை. ஆனால் இங்கிலாந்தின் வீடுதோறும் நுழையும் வாய்ப்பு அதற்குத் தப்பிப்போனது மெய். முந்தாநாளைக் குறித்த ஏர்யெஸ்டர்டேயும் வழக்கிறந்தது. ஒரு வாரத்தைக் குறித்த சென்னைட், ஜேன் ஆஸ்டின் காலம்வரை தாக்குப்பிடித்து ஓய்ந்தது. இரண்டு வாரத்தைக் குறிக்கும் ஃபோர்ட்னைட் மட்டும் பிரிட்டனில் இன்னும் நடமாடுகிறது.

ஓவர்மாரோவின் இடத்துக்கு வந்தது ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ என்ற தொடர். நாலு அசையில் முடிந்த காரியத்துக்கு இப்போது ஏழு அசை. ஒருமுறை சொன்னால் மூன்று அசை நட்டம். ஒரு மொழியே ஐந்நூறு ஆண்டு சொன்னால் ஆகும் நட்டத்தை வாசகரே பெருக்கிக்கொள்ளலாம்.

உறவு மொழிகளில் இத்தகைய சிக்கனக்கேடு இல்லை. டச்சுக்காரர்கள் ஓவர்மோர்கன் என்று இன்றும் சொல்கிறார்கள். ஜெர்மானியர் பேச்சில் ஊபரை இரட்டித்து, ஊபர்ஊபர்மார்கன் என்று அடுத்த நாளையும் வளைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த நாளைச் சுட்ட, கிழமையைப் பெயர் சொல்லிக் குறிப்பதே எளிய வழி. கிழமையைச் சொல்லிவிட்டால் பிறகு மறுக்க முடியாதென்பதால், தையற்கடைக்காரர்கள் அதை விரும்புவதில்லை.