பன்னிரண்டு வோல்ட் தீபங்கள்

வீடு உள்ளவன் விடுமுறை வந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியூர் போவதும், போன இடத்தில் வீட்டுச் சிந்தனையே இல்லாமல் நான்கு நாள் இருந்துவிட்டு வருவதும் உலக வழக்கம். அமெரிக்க தேசத்திலோ, வீட்டைப் பூட்டியவர்கள் வாசலிலேயே நிற்கும் இன்னொரு வீட்டில், அதாவது படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை, அதன் கழிவைச் சேமித்து வைக்கும் தொட்டி ஆகிய சகல சம்பத்துக்களும் அடங்கிச் சக்கரங்களின்மேல் எழும்பி நிற்கும் ஒரு வீட்டில் ஏறிக்கொண்டு, அதையே ஓட்டிச் சென்று ஏதாவது ஒரு காட்டின் நடுவே நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து, வீட்டில் செய்கிற காரியங்களையே அங்கேயும் செய்கிறார்கள். ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வாகனங்களில் பெரும்பாலானவை இந்தியானா மாகாணத்து எல்க்ஹார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தயாராகின்றன. அப்படி அங்கே பிறந்து, இரண்டு எஜமானர்களிடம் ஊழியம் செய்து ஓய்ந்த வண்டி ஒன்றை, ஒஹாயோவில் குடியிருக்கும் என் மாப்பிள்ளை மலிவு விலைக்கு வாங்கினார். அவ்வருஷக் கோடையில் என் சகதர்மிணியும் நானும் மகளைப் பார்க்கப் போயிருந்தபடியால், அந்த வண்டியில் எனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது.

உத்தியோகம் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. இஞ்சினில் கை வைக்க மெக்கானிக்குக்கே உரிமை. எரிவாயுக் குழாயைத் தொட என் மகள் விடமாட்டாள். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் கைங்கரியத்தை மாப்பிள்ளை, பெரியவர்மேல் உள்ள மரியாதையின் நிமித்தம், தாமே மேற்கொண்டார். மாமனார் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்ற தர்மசங்கடம் யாருக்கும் ஏற்படாமல், அதே சமயம் வண்டிக்கும் பெரிய சேதம் விளையாமல், அவர் கையில் ஒப்படைக்கத்தக்க இலாகா அதில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. "மாமா, பல்புகளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

அந்த "மட்டும்" என்ற சொல்லின் விஸ்தீரணத்தை அப்புறம்தான் அளந்து பார்த்தேன். கூரையில் இரட்டைப் பல்பு விளக்குகள். கட்டிலின் தலைமாட்டில் வாசிப்பு விளக்கு. அடுப்புக்கு மேலே புகைபோக்கிக்குள் ஒன்று. அலமாரிகளின் அடிவயிற்றில் வட்ட வட்டமாகச் சில. படி ஏறும் இடத்தில் பூச்சிகளை வரவேற்பதற்கென்றே ஒரு வாசல் விளக்கு. வெளியே பின்புறத்தில் பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு. இவை போதாவென்று கூரையின் நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகளும் பிடரியில் ஐந்து சிவப்பு விளக்குகளும். எண்பது அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள வாகனம் இருட்டில் தன் அகலத்தைத் தானே பறைசாற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அகலத்தைப் பறைசாற்றும் நிர்ப்பந்தம் மனிதர்களுக்கு இல்லாதது என் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

முதல் பல்பைக் கழற்றியபோது எனக்கு ஒரு பழைய சிநேகிதரைக் கண்ட சந்தோஷம் உண்டாயிற்று. அமெரிக்க வீடுகளில் எடிசன் காலத்து மரை போட்ட பல்புகளையே திருகித் திருகி மாட்டுகிறார்கள். நம் ஊரிலோ, பிரிட்டிஷார் விட்டுச் சென்ற வழக்கப்படி, இரண்டு பின் வைத்த பல்பை ஹோல்டரில் அழுத்தி ஒரு கால் சுற்றுச் சுற்றினால் வேலை முடிந்தது. மகள் வீட்டில் மரையோடு போராடிச் சலித்திருந்த எனக்கு, இந்த வண்டியின் கூரை விளக்குக்குள் இரண்டு பின்களோடு கூடிய, பெரிய நெல்லிக்காய் அளவே உள்ள ஒரு குட்டிப் பல்பு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும், இந்த இலாகா நமக்கே என்று ஏற்பட்டது போலும் என்ற கர்வம்கூடத் தோன்றியது. அதிர்வில் மரை தளர்ந்து பல்பு கழன்றுவிடும். பின் வைத்ததோ அடியிலுள்ள ஸ்பிரிங் தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பதால் அசையாது. ஆகவே ஓடுகிற வண்டிகளில் மட்டும் அமெரிக்கர்களும் நம் கட்சிதான்.

கர்வ பங்கம் எண்களின் ரூபத்தில் வந்தது. நம் ஊரில் பல்புக்கு வாட் என்று ஓர் அளவு உண்டு. நாற்பது கொடு, அறுபது கொடு என்று கேட்டால் கடைக்காரர் மறுபேச்சின்றி எடுத்துக் கொடுப்பார். இந்தப் பல்புகளுக்கோ 1156, 1141, 1157, 921, 194 என்றெல்லாம் எண்கள். அவை வாட்டும் அல்ல, வோல்ட்டும் அல்ல, வருஷமும் அல்ல. அந்த எண்ணுக்கும் அந்தப் பல்பின் குணாதிசயங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. என்றைக்கோ ஒரு பதிவேட்டில் வரிசையாகக் கொடுக்கப்பட்டவை, அவ்வளவே. 1156-ம் 1141-ம் கண்ணுக்கு ஒரே வார்ப்பு, ஒரே ஹோல்டரில் இரண்டும் உட்காரும்; ஆனால் முன்னது சுமார் 27 வாட் இழுக்கும், பின்னது 18 வாட்டோடு திருப்தி அடையும். சிக்கனப் பல்புக்காக வகுக்கப்பட்ட கூட்டுக்குள் 27 வாட்டைக் குடியேற்றினால், பல்பு வாங்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாமல் மீதியெல்லாம் உஷ்ணமாவதால், மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் விரல் பட்டாலே நொறுங்கும் அப்பளப் பதத்தை அடைந்துவிடும். வண்டியின் முந்தைய எஜமானர்களில் ஒருவர் வெளிச்சப் பிரியர் என்பதை அந்த மூடிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

1157 என்பது இன்னும் ஒரு படி மேல். அதற்குள் இரண்டு இழைகள். ஒன்று மங்கலாக எரிந்து வண்டி இங்கே இருக்கிறது என்று சொல்லும், மற்றது பளிச்சென்று எரிந்து வண்டி நிற்கப்போகிறது என்று எச்சரிக்கும். இரண்டும் இடம் மாறிவிடக் கூடாதென்று அதன் பின்களை வேண்டுமென்றே ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைத்திருக்கிறார்கள். பின்னே இல்லாமல் கண்ணாடிக் காலையே தட்டையாக்கிச் செருகும் ஜாதி 921-ம் 194-ம். இவற்றில் பெரியதை அலமாரிக்குள்ளும் சிறியதை நெற்றி விளக்குகளிலும் கண்டேன். ஒரே வண்டிக்குள் இத்தனை வகை எதற்கு என்று மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, வண்டி கட்டுபவர்கள் விளக்குகளைப் பல இடங்களிலிருந்து தருவித்துப் பொருத்துகிறார்கள் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டார். வாங்கிய பொருளின் குறைகளை மாமனாரிடம் விஸ்தாரமாகப் பேசுகிற மாப்பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

பல்பு வாங்க மோட்டார் உதிரிபாகக் கடைக்குப் போனது தனிப் புராணம். அங்கே கணினிக்குப் பின்னால் நின்ற இளைஞர், மிகுந்த விநயத்தோடு, வண்டி எந்த வருஷத்தியது, எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று கேட்டார். எனக்கு வேண்டியது என் கட்டிலின் தலைமாட்டு விளக்குக்கு ஒரு பல்பு என்றேன். அவர் மறுபடியும் வருஷம், கம்பெனி, மாடல் என்றார். அந்தக் கணினியின் சித்தாந்தப்படி மோட்டார் வண்டிக்கு முன்விளக்கு உண்டு, பின்விளக்கு உண்டு. கட்டில் கிடையாது, தலைமாடும் கிடையாது. மாப்பிள்ளை சொன்ன விவரங்களை அவர் தட்டச்சு செய்ததும், வண்டியின் அடிச்சட்டமும் இஞ்சினும் ஒரு கம்பெனி, மேலே உள்ள வீடு வேறொரு கம்பெனி என்ற அத்வைதப் பிரச்சினை கிளம்பி, கணினி எங்களுக்கு ஒரு லாரியின் முன்விளக்கைச் சிபாரிசு செய்தது. அதைக் கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினால் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து வாசிக்கலாம்.

அலமாரிக்கு அடியிலிருந்த வட்ட விளக்குகளில் ஹாலஜன் பல்பு. இரண்டு ஊசிக் கால்களுடன் ஒரு மிளகாய் விதையின் கம்பீரத்தோடு இருக்கும் அதை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலிலுள்ள எண்ணெயும் உப்பும் ஒட்டிக்கொண்டால், எரியும்போது உண்டாகும் கடும் உஷ்ணத்தில் அந்த இடத்துப் படிகக் கண்ணாடி கெட்டு, பல்பின் ஆயுசு குறைந்துவிடும். ஆகவே மெல்லிய காகிதத்தால் பிடித்து மாட்டுங்கள் என்று உறையின்மேல் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. அதை நான் வாசித்துச் சொன்னதும் என் சகதர்மிணி, "என்னது, இதுவும் மடியா?" என்று கேட்டாள். காலமெல்லாம் என் அம்மாவின் மடித் துணிக்குப் பயந்து ஒதுங்கி நடந்தவளுக்கு, கடல் கடந்து வந்தும் மடி விடவில்லையே என்ற ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் அன்று முதல் அந்தப் பல்பை என்னைத் தொட விடாமல் அவளே மாட்டினாள்.

இதுவரை சொன்னவை பகல் வேளைக் கஷ்டங்கள். பல்பின் உண்மையான விலை என்ன என்பதை யெல்லோஸ்டோன் வனத்தில் ராத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். 1872-ல் ஏற்பட்ட, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று பிரசித்தி பெற்ற அவ்விடத்தில், பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வானளாவப் பீறிடும்; ஆனால் வண்டி நிறுத்துகிற முகாம்களில், ஒரே ஒரு முகாமைத் தவிர, மின்சார இணைப்புக் கிடையாது. ஜெனரேட்டரை அனுமதிக்கும் முகாம்களிலும் இரவில் அதை ஓட்டக் கூடாது. மின்சாரம் என்பது சுவரிலிருந்து ஊற்றெடுக்கும் வஸ்து என்று நம்பி வாழ்ந்த நாங்கள், அது ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடைபட்டிருப்பதையும், எடுக்க எடுக்கக் குறைவதையும் அன்று பிரத்தியட்சமாகக் கண்டோம்.

மாப்பிள்ளை கணக்கில் புலி. வண்டியின் பாட்டரி சுமார் 80 ஆம்பியர்-மணி கொள்ளும். ஆனால் அதில் பாதிக்குமேல் உறிஞ்சினால் பாட்டரி சீக்கிரம் கெட்டுவிடும், ஆகவே உள்ளபடி நம் கையில் இருப்பது 40. 1141 பல்பு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் குடிக்கும். இரட்டை விளக்கு நான்கை நாலு மணி நேரம் எரித்தால் 46 ஆம்பியர்-மணி. ஆகக் கையிருப்பைவிடச் செலவு அதிகம், அதுவும் வெளிச்சத்துக்கு மட்டும். நீர் ஏற்றும் பம்பும் அதே பாட்டரியில். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையைச் சூடாக்கும் உலையின் விசிறியும் அதே பாட்டரியில். இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பீடபூமியில் கோடை இரவும் உறைபனியைத் தொடுவதுண்டு. எரிவாயு தொட்டி நிறைய இருந்தாலும், விசிறி சுற்ற மின்சாரம் இல்லாவிட்டால் உலை பற்றாது. ஆகவே, மாலையில் பேத்தி கதைப் புத்தகம் வாசித்த வெளிச்சத்துக்கும், பின்னிரவில் பாட்டி போர்வையைத் தேடித் துழாவியதற்கும் நேரான காரண காரியத் தொடர்பு உண்டு.

இந்த ஞானோதயத்துக்குப் பிறகு குடும்பத்தின் சுபாவமே மாறிவிட்டது. "மாமா, ஸ்நான அறையில் விளக்கு எரிகிறதே, உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று, நான் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளை கேட்கத் தொடங்கினார். மரியாதை குறையாமல் ஒருவரைக் கண்டிப்பதற்கு இதைவிடச் சிறந்த வாக்கியம் நம் பாஷையில் இருக்க முடியாது.

பரிகாரம் எல்.ஈ.டி. பல்பு. அதே ஹோல்டரில் உட்கார்ந்து, ஏறத்தாழ அதே வெளிச்சத்தைக் கொடுத்து, ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். முன் சொன்ன 46 ஆம்பியர்-மணிச் செலவு ஒன்பது பத்தில் அடங்கிவிடும். சாதாரணப் பல்புக்கு இருந்த இன்னொரு ஆபத்தும் இதனால் நீங்கிற்று. அதன் இழையை 12.8 வோல்ட்டுக்கென்று வகுத்திருக்கிறார்கள். மின் இணைப்புள்ள முகாமில் வண்டியைச் செருகினாலோ பாட்டரியை ஊட்டும் கருவி 13.6 கொடுக்கும். அந்த அற்ப வித்தியாசமே பல்பின் ஆயுசைப் பாதியாக்கப் போதுமானது. ஊரெல்லாம் இருள் சூழ்ந்த காட்டில் உயிரோடிருந்த பல்பு, சகல வசதிகளும் உள்ள இடத்துக்கு வந்ததும் பிராணனை விடுவதன் ரகசியம் இதுதான்.

செருகுகிற வகை எல்.ஈ.டி.யில் ஒரு சில்லறைத் தொந்தரவு உண்டு. தலைகீழாகச் செருகினால் எரியாது, எடுத்துத் திருப்பிச் செருக வேண்டும், அவ்வளவுதான். பெரிய விவகாரம் நிறத்தைப் பற்றியது. நீல ஒளி தரும் டயோடைக் கண்டுபிடித்ததற்காக அகாஸாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சுப் பூசியே வெள்ளை வெளிச்சம் உண்டாக்குகிறார்கள். மாப்பிள்ளை முதலில் வாங்கி வந்தது 6000 கெல்வின், அதாவது நீலச் சாயல் தூக்கலாக உள்ள வெள்ளை. சாப்பாட்டு வேளையில் விளக்கைப் போட்டதும் என் சகதர்மிணி தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள். "இந்த வெளிச்சத்தில் ரசத்தின் நிறத்தைப் பார்த்தால் எனக்கு ஜுரம் வந்திருக்கிறதென்று தோன்றுகிறது" என்றாள். ஸ்வீடன் தேசத்துக் கமிட்டியின் தீர்ப்பை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் ரத்து செய்திருக்க மாட்டார்கள். அவை அனைத்தும் திரும்பிப் போய், அந்தி மஞ்சளோடு கூடிய 2700 கெல்வின் பல்புகள் வந்தன. ரசமும் ஆரோக்கியம் அடைந்தது.

நெற்றி விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏணி, செத்த பூச்சிகள், துருப்பிடித்த திருகுகள் ஆகிய மூன்றில் அடங்கிவிடும். ஏணியைச் சாத்திய மாத்திரத்தில், முகாமிலுள்ள ஓய்வு பெற்ற கனவான்கள் காபிக் கோப்பையுடன் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டு, பழைய பல்பே உத்தமம் என்றும் எல்.ஈ.டி.யே மோட்சம் என்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். தெருவில் பள்ளம் தோண்டுகிற இடத்தில் நின்று யோசனை சொல்லும் பெருமக்கள் நம் தேசத்துக்கே பிரத்தியேகமானவர்கள் என்று எண்ணியிருந்த எனக்கு, மானிட ஜாதி ஒன்றே என்ற நம்பிக்கை பலப்பட்டது.

இத்தகைய வண்டியில் பிரயாணம் செய்யும் பாக்கியமோ, அதில் பல்பு இலாகா வகிக்கும் பாக்கியமோ உங்களில் யாருக்காவது வாய்த்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பல்பின்மேல் உள்ள எண் சூட்டில் அழிந்திருக்கும்; ஞாபகத்தில் வைத்த எண் கடைக்குப் போகிற வழியில் மாறிவிடும். ஆகையால் பழைய பல்பையே ஆறவிட்டுக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடைக்காரர் வாய் திறக்கும் முன்பே அவர் எதிரில் வையுங்கள். வருஷம், கம்பெனி, மாடல் எதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.