டப்பா சின்னது, கணக்கு பெரிசு

ஆப்பிளின் மேக் மினி கம்ப்யூட்டர் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று எங்கள் ஆதம்பாக்கம் மாடிவீட்டுக்காரர் ஒரு மாதமாக ஆராய்கிறார். 2024-இல் வந்த எம்4 மாடல். ஐந்தங்குலச் சதுரம், அறிமுக விலை 59,900 ரூபாய்.

“டிபன் பாக்ஸ் சைஸ்தான் சார், இடமே அடைக்காது!”

அடைக்காதுதான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கூட வராதே! 2005-இல் முதல் மினி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். மாப்பிள்ளை மட்டும் வருவார். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் பெண்வீட்டார் பொறுப்பு.

256 ஜிபி போதாது, 512 வேண்டும் என்றால் இன்னொரு 20,000. ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. பவர் பட்டனோ அடிவயிற்றில். தினமும் தூக்கிக் கொஞ்சினால்தான் கண் விழிக்கும்.

“இதே காசுக்கு ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் குட்டி பிசி இரண்டு வருமே?” என்றேன்.

“கரண்டை யோசிங்க சார்! சும்மா இருக்கும்போது நாலு வாட்தான் இழுக்கும். எவ்வளவு மிச்சம்!”

பேப்பரை எடுத்து மிச்சத்தைக் கணக்குப் போட உட்கார்ந்தார். முடிக்க இரண்டு மணி நேரமானது. அதுவரை ஹால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.