இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும் தம்பி

முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919. உத்திரமேரூர் ஊர்ச் சபையின் வாரியங்களில் உறுப்பினராக வயது 30க்கு மேல், 60க்குள் என்று கோயில் சுவர்க் கல்லில் வெட்டினார்கள். 921ல் அதே கோயில் சுவரில் இன்னொரு கல்வெட்டு: இனி 35க்கு மேல், 70க்குள். நடுவில் என்ன நடந்தது என்று கல்வெட்டு வாயைத் திறக்கவில்லை. என் ஊகம் இது. 919ல் 59 வயதாயிருந்த ஒரு பெரியவர் ராத்திரி தூக்கம் வராமல் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பார். மேலே பத்து வருஷம் கூட்டினால் போட்டி அதிகமாகிவிடுமே? அப்படியானால் கீழே அஞ்சு வருஷத்தை நறுக்கு. அந்த வருஷம்தான் முப்பதைத் தொட்டு, துவைத்த வேட்டியோடு கிளம்பிய பையனிடம் திண்ணையிலிருந்து ஒரு குரல், "இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும் தம்பி, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டிருக்கும்.

மேடைக்கு மேடை ஜனநாயகத்தின் தொட்டில் என்று நாம் மார்தட்டிக்கொள்கிற ஊர் இது. 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர்கூட இந்தக் கல்வெட்டைச் சொன்னார். மார்தட்டுகிறவர்கள் தகுதிப் பட்டியலை முழுக்கப் படித்தால் கொஞ்சம் மெதுவாகத் தட்டுவார்கள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படிப்பு வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கரைத்துக் குடித்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று தள்ளுபடி உண்டு. பிராமணர் ஊர்ச் சபை. நிலத்தை உழுதவனுக்கும் வீட்டைப் பெருக்கியவளுக்கும் அங்கே வேலையில்லை. சொந்த மனை விதியை மட்டும் இன்றைக்குச் சென்னையில் கொண்டுவந்தால் 35 வயதுக்காரர்களில் தேறுகிறவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

ஆனாலும் ஒரு விதிக்காக அந்தப் பெரியவர்களுக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் நழுவியவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், மாமனார், அக்கா புருஷன், மருமகன், அப்பன், மகன் எல்லோருக்கும் கதவடைப்பு. கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதுகிற சிரத்தையோடு ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "நான் நிற்கவில்லை, மச்சானை நிறுத்துகிறேன்" என்ற உத்தி ஆயிரத்து நூறு வருஷம் பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி குடவோலை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆள் எடுப்பது. ஊர் 30 குடும்புகள். இன்றைய பாஷையில் 30 வார்டுகள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட, கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். ஒரு சிறுவன் கூப்பிடப்படுவான். அவனுக்குத் தகுதி ஒன்றே ஒன்று: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதவனாக இருக்க வேண்டும். ஒரு குடும்பின் ஓலைக் கட்டை அவன் எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். விரல் விரிப்பைக்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், விரலிடுக்கில் சொந்த ஓலையைச் செருகிக்கொண்டு வந்த மகானுபாவர் ஒருவர் அதற்கு முன்பே ஊரில் இருந்திருக்கிறார்.

உள்ளாட்சியில் இளைய தலைமுறையின் பங்களிப்பு பற்றிக் கருத்தரங்கு வைக்கிறவர்கள் இந்தப் பையன் படத்துக்குத்தான் மாலை போட வேண்டும். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர் என்று 360 நாள் பதவிக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவன் அவன். அவன் பெயரைத்தான் யாரும் வெட்டவில்லை.

அடுத்த கூத்து 1688 செப்டம்பர் 29, சென்னப்பட்டினம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய தலை சர் ஜோசையா சைல்டு. பெயரில் மட்டும்தான் குழந்தை. கம்பெனி நேரடியாக வரி கேட்டால் ஊர் முறைக்கிறது. ஊர்க்காரர்களையே ஒரு சபையாக்கி அவர்கள் வாயால் கேட்கவைத்தால் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். மாநகராட்சி பிறந்த கதை இதுதான். ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜஸ்கள். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் அமெரிக்காவில் பிறந்தவர், முப்பதுகளின் நடுவில் இருந்தவர். உத்திரமேரூர் வயசு விதியில் பார்டரில் பாஸாகியிருப்பார், வேதத்தில்தான் கோட்டடித்திருப்பார். நம்மூர் வெயிலில் ஆல்டர்மேன்களுக்குச் சிவப்பு அங்கி, முன்னால் தண்டம், தலைக்கு மேல் குடை பிடிக்க அனுமதி. எல்லாம் ஜோராக நடந்தது. வரி மட்டும் எதிர்பார்த்தபடி வரவில்லை.

பிறகு மேயர் பதவி போய், தலைவர் பதவி வந்து, 1933ல் மறுபடி மேயர் வந்தார். எம்.ஏ. முத்தையா செட்டியார். வயது 27! ஆகா, இளைஞர் எழுச்சி என்று கைதட்டுவதற்கு முன் அப்பா பெயரைப் பார்த்துவிடுங்கள்: ராஜா சர் அண்ணாமலை செட்டியார். திண்ணைக் குரல் இந்த மாதிரி இடங்களில் தொண்டையைச் செருமிவிட்டு, "தம்பி வயசுக்கு மீறின விவரம்" என்று ஸ்ருதி மாற்றிக்கொள்ளும். 1996ல் மக்கள் நேரடியாக வாக்களித்து மேயரான மு.க. ஸ்டாலினுக்கு 43, அப்பா முதலமைச்சர். ஸ்டாலின் தம் கட்சியின் இளைஞரணிச் செயலாளராகவும் இருந்தார். 2017ல் செயல் தலைவராகி அந்தப் பொறுப்பை விட்டபோது வயது 63. உத்திரமேரூர்ப் பெரியவர்கள் இளமையை 35ல் தொடங்கிவைத்தார்கள். நாம் அதை முடிக்கவே இல்லை.

சட்டம் என்னவோ தாராளம். 1989 முதல் 18 வயதில் ஓட்டு. 21 வயதில் கவுன்சிலர். 2020 டிசம்பரில் பக்கத்துத் திருவனந்தபுரம் 21 வயது ஆர்யா ராஜேந்திரனை மேயர் நாற்காலியிலேயே உட்காரவைத்தது. அந்நேரம் சென்னையில் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, தேர்தலே இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பழங்குடியினர் இடஒதுக்கீட்டுக் குளறுபடியில் நீதிமன்றப் படியேறி, நகர்ப்புறங்களில் நடந்து முடிந்தது 2022 பிப்ரவரி 19ல். முதல்முறை மனுப்போட்ட 21 வயதுப் பிள்ளைக்கு அதற்குள் 26 தாண்டி, வேட்புமனுப் படத்தில் இருந்த முடி பாதி கொட்டியிருக்கும். மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட, 28 வயது பிரியா ராஜன் வந்தார்.

ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த பட்டினமாயிற்றே, ஓட்டுப் போடத் திருவிழாக் கூட்டம் கூடியிருக்கும் என்றுதான் நினைப்போம். சென்னையில் பதிவானது 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். தெருக்குழியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக் கொதித்தவர்கள் எங்கே போனார்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள். என்ன கேள்வி இது? அன்றைக்குச் சனிக்கிழமை.