முன்னங்காலும் முந்தின நாளும்

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘அன்டெரியோர்’ என்பதற்கு ‘முன்பக்கத்து’ என்றும் அர்த்தமாம், ‘முந்தைய’ என்றும் அர்த்தமாம். எதை நம்புவது?
– வாசகி, ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்

பதில்: இரண்டையும் நம்புங்கள். கூட வரும் பெயர்ச்சொல்தான் தீர்ப்பு சொல்லும். ‘பாத்தா’ என்றால் விலங்கின் கால். ‘பாத்தா அன்டெரியோர்’ முன்னங்கால். ‘தீயா’ என்றால் நாள். ‘தீயா அன்டெரியோர்’ முந்தின நாள். நம்ம ‘முன்’னும் இதே கட்சிதானே? முன்வாசல் இடம், முன்ஜென்மம் காலம். தெலுங்கும் சளைத்ததல்ல. செகந்திராபாத் பஸ்ஸில் கண்டக்டர் ‘முந்துகு ஜரகண்டி’ (முன்னால் நகருங்கள்) என்று கத்தினால், யாரும் போன வருஷத்துக்கு நகர்வதில்லையே! முன்னாள் அமைச்சர்களுக்கு மட்டும் இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் வேண்டும்: பதவி முன்பு இருந்தது, நாற்காலி முன்வரிசையில் இருக்கணும்!