எர்த் இல்லாத வீட்டில் ஹோம் தியேட்டர்

கேள்வி: ஹோம் தியேட்டரோடு பவர் கண்டிஷனர் ஒன்றும் வாங்கினோம். எல்லாவற்றையும் அதிலேயே செருகலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: செருகலாம், கூட்டல் தெரிந்தால்! நம் மின்சாரம் 230 வோல்ட். கண்டிஷனர் 10 அம்பியர் தாங்குமென்றால் 2300 வாட்தான் எல்லை. ரீவி, அம்ப்ளிஃபயர், சப்வூஃபர் ஒவ்வொன்றின் முதுகிலும் வாட் எழுதியிருக்கும், கூட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜுக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் பெரும்பாலான கண்டிஷனர்கள் காவல் இல்லாத கோட்டைதான். முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். ஐப்பசி இடி பிளக் வழியாக மட்டும் வராது, அன்ரெனா வயரிலும் வரும். வானம் கறுத்ததுமே இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கியபின் வயரைத் தொடாதீர்கள். படத்தை நாளைக்கும் பார்க்கலாம், உயிர்தான் முதல்.